வௌவால் வேண்டாம், பூட்டு போதும்

கேள்வி: செட்டிநாட்டுப் பழைய வீடு ஒன்றைக் களமாக வைத்து, மேலைநாட்டுக் காதிக் (Gothic) என்னும் திகில் பாணியில் ஒரு நாடகம் எழுதி வருகிறேன். கோட்டை, புயல், ஆவி முதலிய மரபுகள் நம் மேடையில் ஒட்டுமா?
– வாசகர், காரைக்குடி

பதில்: கோட்டையும் வௌவாலும் ஒட்டா. 1764-இல் ஹொரேஸ் வால்போல் எழுதிய, காதிக் மரபைத் தொடங்கி வைத்த 'ஒட்ரான்டோ கோட்டை' நாவலில், மணநாளன்று இளவரசன் மீது விழுந்து அவனைக் கொல்லும் ராட்சதத் தலைக்கவசத்தைத்தான் எல்லோரும் பேசுவார்கள்; ஆனால் கதையை நகர்த்துவது, பாட்டன் வஞ்சித்துப் பறித்த சொத்தின் பழி பேரனின் குடும்பத்தின் மேல் விடிவதே. பங்காளிச் சொத்துக்கும் முன்னோர் வினைக்கும் செட்டிநாட்டில் என்ன பஞ்சம்?

வளவை, அதாவது வீட்டின் நடு முற்றத்தை, சுற்றியுள்ள அறைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு புள்ளிக்கு, அதாவது மணமான ஒரு தம்பதியின் குடும்பத்துக்கு, உரியவை. உரியவர் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருந்தாலும் அவருடைய பூட்டில் மற்றவர் கைவைப்பதில்லை. மேடையில் அப்படி ஒரு கதவை மட்டும் வையுங்கள். 1942-இல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் நுழைந்தபோது, அங்கே கொண்டுவிற்க, அதாவது வட்டிக்கடையும் வணிகமும் நடத்த, போயிருந்த செட்டியார்களில் பலர் கடையையும் நிலத்தையும் விட்டு ஊர் திரும்பினார்கள். அந்தக் குழப்பத்தில் திரும்பி வராத ஒருவரின் பெட்டகம் யார் கைக்குப் போனது என்பது உங்கள் ரகசியமாக இருக்கலாம். முன்னோரை வணங்கிப் படையலிடும் படைப்புக்குக் கூடிய குடும்பத்தில் ஆச்சி யாரையும் கேட்காமல் ஓர் இலை கூடுதலாகப் போடுகிறார், அது யாருக்கு என்று மருமகள் கேட்கிறாள். முதல் காட்சிக்கு அவ்வளவு போதும்.

புயலையும் விட்டுவிடுங்கள். உச்சிப்பொழுதில் பேய் உலவும் என்று நம்புகிற நாட்டில், நள்ளிரவை விட வளவில் கொட்டும் சித்திரை வெயிலும் அதைச் சூழ்ந்த தாழ்வாரத்து இருட்டும் ஒளியமைப்பாளருக்கு நல்ல வேலை கொடுக்கும்.

கேள்வி: ஆவியை மேடையில் காட்டலாமா?
– அதே வாசகர்

பதில்: 1797-இல் லண்டன் ட்ரூரி லேன் அரங்கில் மேத்யூ லூயிஸ் தம் நாடகத்தில் ஆவியை மேடைக்கே கொண்டுவந்தார், கூட்டம் அலைமோதியது. ஆன் ராட்கிளிஃப் தம் நாவல்களில் பெரும்பாலும் அமானுஷ்யத்துக்கெல்லாம் இறுதியில் இயற்கையான காரணம் காட்டிவிடுவார். மேடையில் அந்த விளக்கம் சப்பென்று போய்விடும் என்பது என் கருத்து. உங்கள் நாடகத்தில் ஆவியைக் காட்டவும் வேண்டாம், பொய்யென்று நிரூபிக்கவும் வேண்டாம். கதவை மட்டும் கட்டாயம் திறங்கள், அதுவும் கடைசிக்கு முந்தைய காட்சியிலேயே. உள்ளே இருப்பதை வைத்துப் பங்காளிகள் சண்டை போட ஒரு முழுக் காட்சி மிச்சம் இருக்க வேண்டும்.