ஆப்ஜெக்ட் லிஸ்ட்டைக் காசு கொடுத்து வாங்கலாமா?

கேள்வி: ஸ்கைரிம் என்ற கணினி விளையாட்டின் ஸ்பெஷல் எடிஷனுக்கு மாட் (விளையாட்டில் நாமே செய்து சேர்க்கும் மாற்றம்) செய்யப் பழகி வருகிறேன். நான் உருவாக்கிய வாள்கள் கொல்லர் கடையில் விற்பனைக்கு வர வேண்டும். மாட் செய்ய உதவும் கிரியேஷன் கிட் எடிட்டரையும், ரெடிமேட் ஆப்ஜெக்ட் லிஸ்ட் (பொருள்களின் பட்டியல், எடிட்டரில் இதன் பெயர் ஃபார்ம்லிஸ்ட்) தொகுப்பையும் சேர்த்து ஒரு தளத்தில் விலைக்கு விற்கிறார்கள். வாங்கலாமா? ஆனிவர்சரி எடிஷனும் தேவைப்படுமா?

பதில்: இரண்டும் வேண்டாம். கிரியேஷன் கிட் 2012 பிப்ரவரியில் வெளியானதிலிருந்தே இலவசம்தான், ஸ்டீம் என்ற விளையாட்டு விற்பனைத் தளத்தில் கிடைக்கிறது. ஒன்றை மட்டும் கவனியுங்கள். 2011இல் வந்த பழைய 32 பிட் ஸ்கைரிமுக்கு ஒரு கிட், 2016இல் வந்த ஸ்பெஷல் எடிஷனுக்கு வேறு கிட். மாற்றி இறக்கிவிடாதீர்கள். 2021இல் வந்த ஆனிவர்சரி எடிஷன் என்பது உங்களிடம் இருக்கும் அதே விளையாட்டோடு கிரியேஷன் கிளப் என்ற அதிகாரபூர்வக் கடையின் சரக்குகளைச் சேர்த்துக் கொடுப்பது. மாட் செய்ய அதனால் எந்தக் கூடுதல் வசதியும் இல்லை.

ரெடிமேட் லிஸ்ட் விற்பதுதான் எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. லிஸ்ட்டுக்குள் பொருள் எதுவும் கிடையாது. பொருளின் ஃபார்ம் ஐடி, அதாவது அடையாள எண் மட்டுமே இருக்கும். அந்த ஐடி எந்த பிளகின் (மாட்டின் கோப்பு) சேர்ந்ததோ, அது உங்கள் கணினியிலும் இருந்தாக வேண்டும். விற்பவர் தன்னுடைய வேறு மாட்களிலிருந்து பொருள்களை எடுத்துப் போட்டிருந்தால், அவை இல்லாத உங்களுக்கு மெனு வருவதற்குள்ளேயே விளையாட்டு மூடிக்கொள்ளும். நீங்களே லிஸ்ட் போடுவதோ சில நிமிட வேலை. எடிட்டரின் ஆப்ஜெக்ட் விண்டோவில் மிசலேனியஸ் பிரிவின் கீழ் ஃபார்ம்லிஸ்ட் இருக்கும். ரைட் கிளிக் செய்து புதியது திறந்து, பெயர் வைத்து, பொருள்களை இழுத்துப் போட்டால் முடிந்தது.

ஆனால் உங்கள் வாளுக்கு வேண்டியது ஃபார்ம்லிஸ்ட்டே இல்லை! எடிட்டரில் கொல்லரின் ஃபேக்ஷனை, அதாவது அவர் சேர்ந்த குழுவைத் திறந்து வெண்டர் (வியாபாரி) டேபைப் பாருங்கள். அங்கே இருக்கும் ஃபார்ம்லிஸ்ட்டில் ஆயுதம், கவசம் போன்ற வகைக் குறிச்சொற்கள், அதாவது கீவேர்டுகள்தான் இருக்கும். அவர் எந்த வகைச் சரக்கில் வியாபாரம் செய்வார் என்பதை அது தீர்மானிக்கிறது. கடையில் என்ன இருக்கும் என்பது அவருடைய சரக்குப் பெட்டிக்குள் இருக்கும் லெவல்டு லிஸ்ட்டை, அதாவது விளையாடுபவரின் நிலைக்கேற்பப் பொருள்களைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலைப் பொறுத்தது. ஆகவே வாளுக்கு ஆயுத விற்பனை கீவேர்டைக் கொடுத்துவிட்டு, லெவல்டு லிஸ்ட்டில் சேருங்கள்.

சேர்த்தவுடன் கடைக்கு ஓடாதீர்கள். சரக்கு புதுப்பிக்க விளையாட்டுக்குள் 48 மணி நேரம் ஆகும். அதற்குள் "வேலை செய்யவில்லை" என்று எல்லாவற்றையும் அழித்துவிடுகிறவர்கள் நிறைய.

கேள்வி: இன்னொரு மாட் போட்டதும் என் வாள்கள் காணாமல் போய்விட்டன. அதைச் சரிசெய்ய ஏதாவது டூல் வாங்க வேண்டுமா?

பதில்: அதற்கும் செலவில்லை. இரண்டு மாட்கள் ஒரே லிஸ்ட்டைத் திருத்தினால், லோட் ஆர்டரில் (மாட்கள் ஏற்றப்படும் வரிசை) கடைசியாக வருவதே நிற்கும். எது எதை அமுக்குகிறது என்று எஸ்எஸ்இ எடிட் என்ற டூலில் பார்த்துக்கொள்ளலாம். லெவல்டு லிஸ்ட்டுகளை ஒன்றாக்க ரை பாஷ் என்ற டூல் இருக்கிறது. இரண்டும் இலவசம். இதைவிட நல்ல வழி, மூல லிஸ்ட்டை எடிட்டரில் தொடாமல், விளையாட்டு ஓடும்போது ஸ்கிரிப்ட் மூலம் ஆட்ஃபார்ம் என்ற கட்டளை கொடுத்துச் சேர்ப்பது. அப்படிச் சேர்த்தது சேவ் ஃபைலில் பதிந்துவிடும், அதனால் சோதனைக்குத் தனி சேவ் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: ஃபார்ம்லிஸ்ட்டில் ரிமூவ் ஆடட்ஃபார்ம் என்ற கட்டளை கொடுத்தால் ஸ்கிரிப்ட் சேர்த்தவை மட்டுமே நீங்கும், எடிட்டரில் போட்டவை அப்படியே இருக்கும்.

கேள்வி: விளையாட்டை ஸ்டீமில் வாங்கி, மாட் சரியாக வராவிட்டால் பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

பதில்: வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் கேட்கலாம். மாட்டைச் சோதிக்க விளையாட்டைத் திறந்து வைத்திருக்கும் நேரமும் அந்தக் கணக்கில்தான் சேரும்.