நாலு பக்கமும் திறந்த கொட்டகைக்குக் காற்றுக் கணக்கு எதற்கு?

தோட்டத்தில் 20க்கு 30 அடியில் தகரக் கொட்டகை போடுகிறேன், சுவரே இல்லாததால் காற்று புகுந்து போய்விடும், தனியாகக் கணக்கு எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். இதே வார்த்தையை நானே ஒருவருக்குச் சொல்லியிருக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

சிவில் டிப்ளமோ முடித்த புதிது. உசிலம்பட்டிப் பக்கம் என் சித்தப்பா மாட்டுக் கொட்டகை போட்டார். உங்கள் அளவுதான், ஆறு இரும்புக் கால், ஒரு பக்கச் சரிவு. ஒன்றரை அடிச் சதுரத்தில் 2 அடி ஆழக் குழி போதும் என்றார் வெல்டிங்காரர். சித்தப்பா என்னைப் பார்த்தார். "திறந்த கொட்டகைதானே சித்தப்பா, காத்து பாட்டுக்குப் போயிடும்" என்றேன்.

சித்திரையில் ஒரு சாயங்காலம், மழைக்கு முன்னால் மேற்கிலிருந்து காற்று அடித்தது. மாடுகள் மேய்ச்சலிலிருந்து திரும்பாத நேரம், அது ஒன்றுதான் நல்லது. நான் போய்ப் பார்த்தபோது கூரை முழுசாகப் பக்கத்து வயலில் கவிழ்ந்து கிடந்தது. ஒரு ஸ்குரூ கூடக் கழன்றிருக்கவில்லை. கடலைச் செடியைப் பிடுங்கினால் மண்ணோடு வருமே, அப்படிக் கால்கள் கான்கிரீட் கட்டியோடு வெளியே வந்திருந்தன.

அன்று ராத்திரிதான் ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதியை, அதாவது கட்டடங்கள் மீது காற்றுச் சுமையைக் கணக்கிடும் இந்தியத் தர விதியை, ஒழுங்காகப் படித்தேன். மதுரைக்கு அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 39 மீட்டர், அதாவது மணிக்கு 140 கிலோமீட்டர். வேகத்தின் வர்க்கத்தை 0.6 ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்குச் சுமார் 912 நியூட்டன் அழுத்தம். திறந்த ஒற்றைச் சரிவுக் கூரைக்கு, 10 டிகிரி சரிவில், மேல்நோக்கிய குணகம் (அந்த அழுத்தத்தில் எத்தனை பங்கு கூரையைத் தூக்கும் என்ற எண்) 0.9. ஆக, நியூட்டனைக் கிலோவாக்கினால், சதுர மீட்டருக்கு 84 கிலோ தூக்கும். தகரமும் அதைத் தாங்கும் குறுக்குச் சட்டங்களான பர்லினும் சேர்ந்து அழுத்துவது 15 கிலோ தேறினால் அதிகம். உங்கள் 600 சதுர அடிக்குக் கழித்துப் பார்த்தால் மிச்சம் 3800 கிலோ. ஆறு கால் என்றால் சராசரியாகக் காலுக்கு 600க்கு மேல், நடுக்கால்களுக்கு இன்னும் கூடுதல். சித்தப்பா போட்ட கான்கிரீட் கட்டியோ 300 கிலோதான்.

போதாததற்கு, கிழக்கே கூரை முட்ட வைக்கோல் கட்டு அடுக்கியிருந்தார். உள்ளே புகுந்த காற்றுக்கு வெளியேற வழி இல்லை. அப்படி அடைபட்டால் குணகம் ஒன்றைத் தாண்டிவிடும்.

திசைக் காரணியை (எல்லாத் திசையிலிருந்தும் காற்று ஒரே வேகத்தில் வராது என்பதற்காகக் குறைக்கும் எண்ணை) விட்டுவிட்டாய் என்று பொறியாளர்கள் சண்டைக்கு வரலாம். அதைப் போட்டால் கொஞ்சம் குறையும், சரி. ஆனால் காற்றுக்கு 1.5, சொந்த எடைக்கு 0.9 என்று பாதுகாப்பு எண்களைப் போடும்போது அதைவிட ஏறிவிடும். வெறும் சராசரிக் கணக்கிலேயே காலுக்குச் சுமார் ஒரு டன் வேண்டும்.

    

இப்போது சித்தப்பா கொட்டகையில் ஒவ்வொரு காலுக்கும் 3 அடிச் சதுரத்தில் 3 அடி ஆழக் கான்கிரீட், அதில் பதித்த ஆங்கர் போல்ட். வைக்கோல் தனிப் போராக வெளியே நிற்கிறது. நீங்கள் குழி தோண்டும் முன் சரிவு எவ்வளவு, கால் எத்தனை, உள்ளே எதை அடுக்கப் போகிறீர்கள் என்று எழுதுங்கள். உங்களுக்கும் போட்டுத் தருகிறேன்.