'பர்மா ராணி'யில் எதிரி யார்?

கேள்வி: இரண்டாம் உலகப் போர்க்காலத் தமிழ்ப் படங்கள் வெறும் பிரிட்டிஷ் பிரசாரமா? கல்லூரியில் ஒன்றைத் திரையிட்டுப் பேசப்போகிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?
– ஒரு மாணவி, பாலக்கோடு

பதில்: நம்ம பக்கத்துப் படத்தையே எடுங்கள். 'பர்மா ராணி' (1945) சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரிப்பு. அப்போது தருமபுரியும் கிருஷ்ணகிரியும் சேலம் ஜில்லாதான். படத்தை இயக்கிய டி.ஆர்.சுந்தரமே ஜப்பானிய அதிகாரியாகவும் நடித்தார்.

பிரசாரம்தான், சந்தேகமில்லை. 1942-ல் கச்சா பிலிம் (இன்னும் படம் பிடிக்காத பிலிம்) தட்டுப்பாட்டால் படத்தின் நீளத்துக்கு 11,000 அடி என்று வரம்பு வைத்தார்கள். அடுத்த ஆண்டு பிலிம் வாங்கவே லைசென்ஸ் வந்தது. சர்க்கார் கையில் பிலிம் இருக்கும்போது போருக்கு ஆதரவாகப் படம் எடுப்பதைத் தட்டிக்கழிப்பது லேசல்ல.

ஆனால் சில படங்களில் வெளியே போர் ஆதரவு, உள்ளே சுதந்திரக் குரல் என்று இரட்டை அர்த்தம் இருக்கும். அதைப் பிடிக்க ஒரு வழி உண்டு. எதிரியின் பெயரை எடுத்துவிட்டு அங்கே 'வெள்ளைக்காரன்' என்று போட்டுப் பாருங்கள். இந்திப் படம் 'கிஸ்மத்' (1943) பாட்டில் ஜெர்மன், ஜப்பான் பெயர்கள் ஓரிடத்தில் வரும். சென்சாருக்கு அது போதும். மற்ற வரிகளெல்லாம் அந்நியனை வெளியே போகச் சொல்பவை. தலைவர்கள் சிறையில் இருந்த நேரத்தில் ஜனங்கள் அதை யாருக்குச் சொன்னதாகக் கேட்டிருப்பார்கள்?

'பர்மா ராணி'யில் இந்த வித்தை பலிக்காது. எதிரி ஜப்பானிய யூனிபார்மிலேயே நிற்கிறான். இங்கே குழப்பம் திரையில் இல்லை, கொட்டகையில் இருந்தது. மலேயா, பர்மாவுக்குப் பிழைக்கப்போன தமிழர்கள் ஆயிரக்கணக்கில், ஜப்பானோடு சேர்ந்து போரிட்ட நேதாஜியின் படையில் சேர்ந்திருந்தார்கள். 1945 நவம்பரில் அந்தப் படை அதிகாரிகள்மேல் பிரிட்டிஷார் நடத்திய செங்கோட்டை விசாரணை தொடங்கியதும் அந்தப் படையினர் நாட்டுக்கே வீரர்களானார்கள். ஏப்ரலில் கைதட்டிய காட்சிக்கு டிசம்பரில் கை எழுந்திருக்குமா? என் கணிப்பில் விவாதத்தை இங்கே தொடங்குவதே நல்லது.

திரையிடும் முன் பிரதியின் நீளத்தைப் பாருங்கள். நிமிடத்துக்கு 90 அடி என்றால் 11,000 அடி ஏறக்குறைய 122 நிமிடம். நொடிக்கு 24 பிரேமுக்குப் பதில் 25 ஓடும் வீடியோப் பிரதியில் அதுவே 117 ஆகும். அந்த 5 நிமிடத்தை வெட்டு என்று எண்ணிவிடாதீர்கள். அதைவிட மிகவும் குறைந்தாலும் உடனே சென்சார்மேல் பழி போட வேண்டாம். பழைய பிரிண்டில் ரீலின் தலையும் வாலும்தான் முதலில் தேயும். காட்சி அறுந்து தாவுவது ரீல் மாறும் இடத்திலா, அதாவது ஏறத்தாழ 11 நிமிடத்துக்கு ஒருமுறையா என்று குறித்துக்கொண்டு பிறகு பேசுங்கள்.