ஆறாவது ஆளுக்கு என்ன வேலை?

வணக்கம் சார். என் பொண்ணு பத்தாவது படிக்கிறா. பர்ப்பிள் காமெட்னு ஒரு ஆன்லைன் மேத்ஸ் போட்டிக்கு அவங்க மிஸ் ஆறு பேர் டீம் சேர்க்கறாங்க, இவளும் அதுல ஒருத்தி. மத்த அஞ்சு பேரும் கணக்குல புலி, இவ சுமார்தான். ஒப்புக்குச் சப்பாணியா உக்காந்துட்டு வந்துடுவாளோன்னு இருக்கு. அனுப்பலாமா?
– ஒரு வாசகி

வணக்கம்ங்க,

தாராளமா அனுப்புங்க. 2003லருந்து நடக்கற போட்டி அது, அமெரிக்க மேத்ஸ் ஒலிம்பியாட் டீமுக்கு கோச்சா இருந்த டிட்டு ஆண்ட்ரீஸ்குவும் ஜோனதன் கேனும் ஆரம்பிச்சது, பைசா செலவில்ல, எந்த நாட்டுப் பிள்ளைங்களும் சேரலாம்.

ஹைஸ்கூல் பிரிவுல 30 கணக்கு, 90 நிமிஷம். ஒரே ஆள் கூட டீம்னு பேர் குடுக்கலாம், ஆனா அப்ப ஒரு கணக்குக்கு 3 நிமிஷம்தான், கடைசில வர்ற கணக்குல ஒண்ணே அரைமணி நேரத்த முழுங்கிடும். ஆறு பேர் பிரிச்சுக்கிட்டா ஆளுக்கு அஞ்சு, ஒண்ணுக்கு 18 நிமிஷம் கிடைக்குது பாருங்க.

அதவிட முக்கியம், இங்க ஸ்டெப் மார்க் கிடையாது, விடை ஒரு முழு எண், சரின்னா சரி தப்புன்னா தப்பு. ஒரு பழைய கணக்கு சொல்றேன்: 1லருந்து 100 வரைக்கும் எல்லா எண்ணையும் பெருக்கினா கடைசில எத்தனை சைபர் வரும்? ஒரு அஞ்சும் ஒரு ரெண்டும் சேர்ந்தா ஒரு சைபர், ரெண்டு நிறையவே இருக்கு, அதனால அஞ்ச எண்ணினா போதும். வேகமா போடற பையன் அஞ்சால வகுபடறது 20 எண், அதனால 20ன்னு தட்டிட்டு அடுத்ததுக்கு ஓடிடுவான். "இருடா, 25ல ரெண்டு அஞ்சு இருக்கே"ன்னு நிறுத்தறதுக்கு ஒருத்தர் வேணும், 25, 50, 75, 100 நாலுலயும் கூடுதலா ஒரு அஞ்சு இருக்கு, சரியான விடை 24. நிதானமா போடற பிள்ளைங்கதான் பெரும்பாலும் இத புடிக்கறாங்க, உங்க பொண்ணு அந்த வேலைய செஞ்சாலே டீமுக்கு பெரிய பலம்.

ஒண்ணே ஒண்ணு மட்டும் பாத்துக்கோங்க, ஒரு பையன் கீபோர்ட புடிச்சுக்கிட்டு மத்தவங்கள வேடிக்கை பாக்க வெக்கறது ரொம்ப தப்பு, எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது. போட்டி நேரத்துல மிஸ் மேற்பார்வை பாக்கலாமே தவிர கணக்குக்கு உதவக்கூடாது, அதனால யார் எந்த கணக்கு, யார் யாரோடத சரிபாக்கறதுன்னு முன்னாடியே பேசி வெச்சுக்கணும். பழைய பேப்பர் எல்லாம் அவங்க சைட்லயே ஃப்ரீயா இருக்கு, ஒரு ஞாயித்துக்கிழமை ஆறு பேரையும் உங்க வீட்டுக்கு கூப்பிட்டு டைமர் வெச்சு ஒரு பேப்பர் போட சொல்லுங்க, கடைசி 20 நிமிஷம் அடுத்தவங்க விடைய சரிபாக்கறதுக்குன்னே ஒதுக்க சொல்லுங்க.