தரையில் உட்கார்ந்து எழுவது

அன்புள்ள ஐயா,

எனக்கு 44 வயது. பெங்களூரில் மென்பொருள் வேலை. பிறந்தநாளுக்கு மனைவி ஒரு ஸ்மார்ட் வாட்ச் வாங்கிக் கொடுத்தாள். அன்றிலிருந்து நாளுக்குப் பத்தாயிரம் அடி நடக்காவிட்டால் நிம்மதி இல்லை. இரவு 11 மணிக்கு ஹாலுக்கும் சமையலறைக்குமாக நடந்து கணக்கை முடிக்கிறேன். நன்றாகத் தூங்கினேனா என்பதையும் காலையில் அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். இந்த இயந்திரங்கள் நம் உடம்பை நம்மிடமிருந்து பிடுங்கிக்கொள்கின்றனவா? இவை இல்லாமலே நம் முன்னோர் நூறு வயது வாழ்ந்தார்களே. 'உடம்பை வளர்த்தேன் உயிர் வளர்த்தேனே' என்று திருமூலர் அன்றே சொல்லிவிட்டார். வாட்ச்சைக் கழற்றி வைத்துவிடலாமா?

கே.

அன்புள்ள கே,

இரவு 11 மணி நடையை வாசித்துச் சிரித்துவிட்டேன், மன்னியுங்கள். கீழ்வீட்டுக்காரர்களை நினைத்துக்கொண்டேன்.

திருமூலரை விட்டுவிடுங்கள். அந்த ஒரு வரியை எனக்கு எழுதி அனுப்புகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் நாற்காலியில் சாய்ந்தபடிதான் எழுதுகிறார்கள். முன்னோரின் நூறு வயதுக் கதையும் வேண்டாம். சுதந்திரம் வந்த காலத்தில் இந்தியரின் சராசரி ஆயுள் சுமார் 32. குழந்தைச் சாவுகள்தான் அதை அப்படி இழுத்தன என்பது சரி. என் பாட்டி எட்டு பெற்றாள், நான்குதான் தங்கியது. தங்கியவர்களை மட்டும் பார்த்து 'அதெல்லாம் அந்தக் காலத்து உடம்பு' என்று பேசினால் எனக்குக் கோபம் வரும்.

பத்தாயிரம் என்பதும் மருத்துவர் சொன்ன கணக்கல்ல. டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த மறுவருடம், 1965ல், ஒரு ஜப்பானியக் கம்பெனி அடிகளை எண்ணும் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மான்போ-கெய் என்று பெயர், பத்தாயிரம் அடிமானி என்று பொருள். விற்பதற்காக வைத்த முழு எண். 2019ல் அமெரிக்காவில், சராசரியாக 72 வயதுள்ள 16,000க்கும் அதிகமான பெண்களின் நடையை எண்ணிப் பார்த்த ஆய்வு வெளிவந்தது. 7,500 அடிக்கு மேல் பலன் கூடவில்லை. ஆகவே பேசாமல் போய்த் தூங்குங்கள்.

உங்கள் கடிதம் வந்தபோது நான் வேறொன்றை யோசித்துக்கொண்டிருந்தேன். போன மாதம் கோவில்பட்டிப் பக்கம் எங்கள் குலதெய்வத்துக்குக் கொடை. சாப்பாடு தரையில். பந்திப்பாய் விரித்ததும் ஐம்பதைத் தாண்டியவர்களின் கண்ணெல்லாம் சுவரோரம் அடுக்கியிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளுக்குப் போனது. எனக்கு ரோசம், உட்கார்ந்துவிட்டேன். சாப்பிட்டு எழப்போனால் எழ வரவில்லை. வலது கை எச்சில். இடது கையை ஊன்றினால் பாய் வழுக்கியது. கடைசியில் பக்கத்திலிருந்த மருமகனின் தோளைப் பிடித்துத்தான் எழுந்தேன். எனக்கு 61 வயது. எதிர்வரிசையில் 75 வயது சித்தி, எச்சில் இலையை இரண்டு கையிலும் ஏந்தியபடி, எதையும் பிடிக்காமல் எழுந்தாள். "என்ன ராசா, சம்மணம் மறந்து போச்சா?" என்று கேட்டுக்கொண்டே போய்விட்டாள்.

அவள் வீட்டில் இன்றும் அரிவாள்மணை தரையில்தான். பாத்திரம் தேய்ப்பது குத்தவைத்துத்தான். என் வீட்டில் முதலில் சாப்பாட்டு மேசை வந்தது, பிறகு மேடைச் சமையல், பிறகு வெஸ்டர்ன் கக்கூஸ். என் அம்மா இடுப்பெலும்பு முறிந்து கிடந்தபோது அந்தக் கக்கூஸ்தான் அவள் மானத்தைக் காப்பாற்றியது, அதைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் நல்ல காலோடு இருந்த நானும் அதோடு சேர்ந்து தரையை விட்டுவிட்டேன்.

கையூன்றாமல் எழுவதற்கு என்னென்ன வேண்டும் என்று பாருங்கள். கணுக்கால் மடங்க வேண்டும். பாரம் பிட்டத்திலிருந்து பாதத்துக்கு மேலே நகர வேண்டும். தொடையும் பிட்டத்துத் தசையும் அதைத் தூக்க வேண்டும். நடுவில் சாயாமலிருக்க உள்காது வேலை செய்ய வேண்டும். என் விஷயத்தில் இறுகிப்போனது கணுக்கால். குதிகால் தரையில் பட என்னால் குத்தவைக்க முடியவில்லை. பிரேசிலில் 51 முதல் 80 வயது வரையிலான 2,002 பேரை இப்படி உட்கார்ந்து எழச் சொல்லிப் பத்துக்கு மதிப்பெண் போட்டிருக்கிறார்கள். கையோ முழங்காலோ ஊன்றினால் ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண் போகும், தள்ளாடினால் அரை. ஆறு வருடம் போலப் பின்தொடர்ந்து 2012ல் வெளியிட்டார்கள். மூன்றும் அதற்குக் கீழும் எடுத்தவர்களுக்கு, எட்டும் அதற்கு மேலும் எடுத்தவர்களைவிட இறக்கும் அபாயம் ஐந்து மடங்குக்கு மேல். உட்கார்ந்து எழுந்தால் எமன் திரும்பிப் போய்விடுவான் என்று இதற்கு அர்த்தமில்லை. வாட்ஸப்பில் அப்படித்தான் சுற்றும். காலின் நிலவரத்தைத் தரை சொல்லிவிடுகிறது, அவ்வளவுதான். என் வாட்ச் அதை ஒருநாளும் சொன்னதில்லை. ஆமாம், என்னிடமும் ஒன்று இருக்கிறது. மகள் வாங்கித் தந்தது.

இயந்திரம் பிடுங்கிக்கொண்டது என்று எழுதுகிறீர்களே, யார் பிடுங்கினார்கள்? மாடிக்கு லிஃப்ட், தெருமுனைக்கு வண்டி, சாப்பிட நாற்காலி என்று நாமாகவே தவணை முறையில் எழுதிக் கொடுத்தோம். 44 வயதில் மணிக்கட்டைப் பார்த்துக் கவலைப்படுகிறீர்கள். இடுப்பைப் பாருங்கள்.

கொடை முடிந்து வந்ததிலிருந்து காலைக் காப்பியைத் தரையில் உட்கார்ந்துதான் குடிக்கிறேன். முதல் வாரம் ஜன்னல் கம்பியைப் பிடித்து எழுந்தேன். இப்போது ஒரு கை ஊன்றினால் போதும். டம்ளர் மட்டும் இன்னும் கீழேயே இருந்துவிடுகிறது, மனைவி திட்டுகிறாள்.

வாட்ச்சை வைத்துக்கொள்வதும் கழற்றுவதும் உங்கள் பாடு. இதை வாசித்து முடித்ததும் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுந்து பாருங்கள். கை எங்கே போயிற்று என்று எனக்கு எழுதுங்கள். அதற்கு மட்டும் வாட்ச்சைக் கழற்றிவிடுங்கள், ஊன்றும்போது கண்ணாடி கீறிவிடும்.