ஓடு மாற்றி வெள்ளை அடித்தால் போதுமா?

கேள்வி: யாழ்ப்பாணம் கோப்பாயில் 3 பரப்புக் காணியோடு ஒரு நாற்சார் வீடு (நடுவில் முற்றம் வைத்த வீடு) விலைக்கு வந்திருக்கிறது. கட்டி எழுபது வருடம் இருக்கும். ஏழெட்டு வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது, உரித்தாளிகள் வெளிநாட்டில். 90 லட்சம் கேட்கிறார்கள். எங்கள் சேமிப்பும் தம்பி அனுப்புவதுமாக 1 கோடி 20 லட்சம் இருக்கிறது. ஓடு மாற்றி வெள்ளை அடித்தால் குடிபுகலாம் என்கிறார் தரகர். மிச்சம் 30 லட்சத்துக்குள் திருத்தி முடிக்கலாமா?
– கோப்பாய் வாசகி

பதில்:

அன்புச் சகோதரி,

அந்த 30 லட்சம் முழுதாக உங்கள் கையில் இல்லை. உறுதி (விற்பனைப் பத்திரம்) முடிக்கும்போது முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும்: முதல் ஒரு லட்சத்துக்கு 3 வீதம், மீதிக்கு 4 வீதம். 90 லட்சத்துக்கு இது 3 லட்சத்து 59 ஆயிரம். நொத்தாரிசு (உறுதி எழுதுபவர்) கூலி, நில அளவையாளர், எஞ்சினியர், தண்ணீர்ப் பரிசோதனை என்று ஒன்றரை லட்சம் ஒதுக்குங்கள். மிஞ்சுவது ஏறக்குறைய 25 லட்சம். பழைய வீட்டில் வேலை தொடங்கிய பிறகு வெளிவருபவற்றுக்கென்று வேலைச் செலவின் காற்பங்கைத் தனியே வைக்க வேண்டும். ஆக, வேலைக்கென்று நீங்கள் நம்பக்கூடியது 20 லட்சம்தான். இந்தத் தொகைக்குள் வீடு அடங்குமா என்பதை முற்பணம் கொடுக்கும் முன்னர் அறிய வழி உண்டு. அதற்கு வீட்டைக் கொஞ்சம் திறந்து பார்க்க வேண்டும்.

கூரையிலிருந்து தொடங்குங்கள். ஒழுங்கையில் தள்ளி நின்று முகட்டைப் பாருங்கள். முகடு நடுவில் தொய்ந்திருந்தால் கூரையைத் தாங்கும் வளையோ சாய்வாக இறங்கும் கைமரமோ போய்விட்டது. பிறகு உரித்தாளியின் சம்மதத்தோடு மூன்று இடங்களில் இருபது இருபது ஓடு கழற்றச் சொல்லுங்கள்: முற்றத்து மூலை, குசினிக்கு மேல், கைமரம் சுவரில் அமரும் இடம். முதிர்ந்த கறுத்த பனைமரம் நடுப்பகுதியில் நூறு வருடமும் நிற்கும். சுவருக்குள் புதைந்த நுனிதான் ஈரத்தாலும் கறையானாலும் உள்ளே கோதாகும். வெளியே பார்த்தால் தெரியாது. குத்தூசியால் அழுத்துங்கள். அரை அங்குலத்துக்கு மேல் இறங்கினால் அந்த மரத்தை மாற்றும் கணக்கில் சேருங்கள். சுத்தியலால் தட்டும்போது மொத்தென்று கேட்டாலும் அப்படியே. ஓடு அமரும் சிலாகை முழுவதையும் மாற்றுவதாகவே கணக்கிடுங்கள். பழையதைக் கழற்றும்போதே பாதி பிளந்துவிடும். புதிய பனைமரம் வேண்டுமென்றால் நினைத்த நேரத்தில் கிடைக்காது. அனுமதி இல்லாமல் பனை தறிக்க முடியாது என்பதால் விலையோடு காத்திருக்கும் காலத்தையும் கணக்கில் எடுங்கள்.

ஓட்டுக் கணக்கு பலருக்கும் பிழைக்கும் இடம். நிலத்தின் சதுர அடியை வைத்து ஓடு வாங்கக் கூடாது. 1700 சதுர அடி மூடிய பரப்பென்றால் தாழ்வாரத் துருத்தல் சேர்ந்து 2000 ஆகும். சாய்வு 30 பாகை என்றால் அதில் இன்னும் 15 வீதம். 2300 சதுர அடிக் கூரை. கள்ளிக்கோட்டை ஓடு 100 சதுர அடிக்கு ஏறத்தாழ 140 போகும். 3200, உடைவுக்குப் பத்து வீதம் கூட்டி 3500. பழைய ஓட்டைத் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் நல்லது, மந்தமாகக் கேட்டால் மயிர்வெடிப்பு. நல்ல ஓட்டை வீசவேண்டாம். ஆனால் ஒரே சரிவில் பழையதையும் புதியதையும் கலக்காதீர்கள். அச்சுக்கு அச்சு பூட்டு வித்தியாசப்படும். அந்த இடைவெளியால் காற்றுமழை நேரே உள்ளே வரும். பழையது முழுக்க ஒரு சரிவு, புதியது மறு சரிவு என்று பிரித்துப் போடச் சொல்லுங்கள். ஓட்டுக்குப் பதில் சீற் போட்டால் மலிவு என்று யாராவது சொல்வார்கள். முற்றம் வைத்த வீட்டில் சீற் போட்டால் வெக்கை தாங்காது. அதோடு அந்த வீட்டை வாங்க நினைத்த காரணமே இல்லாமற் போகும்.

நாற்சார் வீட்டின் பலவீனம் முற்றத்தின் நான்கு மூலைகள். இரண்டு கூரைத் தண்ணீரும் ஒரே மூலைப்பீலியில் (மூலைத் தகர வாய்க்காலில்) சேரும். பீலித் தகரம் துருப்பிடித்துத் துவாரம் விழுந்திருந்தால் கீழே உள்ள வளைதான் முதலில் உக்கும். மூலைகளுக்குக் கீழே சுவரில் பழுப்புக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு முற்றத்தில் பத்து வாளி தண்ணீர் ஊற்றி, அது வெளியே எங்கே வருகிறது என்று தேடுங்கள். கான் (வடிகால்) அடைபட்டிருந்தால் அது பெரும்பாலும் வீட்டுத் தளத்துக்குக் கீழாகப் போகும். தளத்தை உடைக்காமல் திருத்த முடியாது. அந்தச் செலவு தரகரின் கணக்கில் இல்லை.

அடுத்தது சுவர். அந்தக் காலத்து வீடென்றால் சுண்ணாம்புக்கல்லும் சுண்ணாம்புச் சாந்துமாகத்தான் இருக்கும், தடிப்பு ஒன்றரை அடிக்குக் குறையாது. நிலத்திலிருந்து ஏறும் ஈரத்தை அந்தச் சுவர் தன் பூச்சு வழியாக வெளியே விட்டு உலரும். அதன்மேல் சீமெந்துப் பூச்சும் பிளாஸ்ரிக் பெயின்ரும் போட்டால் ஈரம் அடைபட்டு இன்னும் மேலே ஏறும். உப்புப் பூக்கும். சில மாரிக்குள் பூச்சு பலகை பலகையாக விழும். முன்னர் யாராவது கீழ் மூன்றடிக்குச் சீமெந்து பூசியிருக்கிறார்களா என்று பாருங்கள். கீழ்ப்பகுதிக்கு மட்டும் புதிதாக வெள்ளை அடித்திருந்தால் கட்டாயம் ஒரு சதுர அடி கொத்திப் பாருங்கள். கீழ் நாலடியாவது மறுபடி சுண்ணாம்புச் சாந்தாலேயே பூச வேண்டும். அது தெரிந்த மேசன்மார் குறைவு, கூலி கூட. இந்த இடத்தில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

அந்த நாலடிக்கு மேலும் மற்றச் சுவர்களிலும் சீமெந்து பூசுவதென்றால் அளவு இது. 1:5 கலவையில் அரை அங்குலப் பூச்சு என்றால் 100 சதுர அடிக்கு முக்கால் பை சீமெந்து. ஒரு கியூப் (100 கன அடி) மணல் 2000 சதுர அடிக்கு வரும். ஆனால் பழைய பூச்சைக் கொத்திய கல்லுச் சுவர் மேடும் பள்ளமுமாக இருக்கும். அதை நேராக்க ஒரு அங்குலம் பிடிக்கும்: ஒன்றரைப் பை, ஒரு கியூப்புக்கு 1000 சதுர அடி. சதுர அடிக் கணக்கில் கொந்தராத்துப் பேசியவர் பாதியில் “சாமான் காணாது” என்று நிற்பது இதனால்தான். எத்தனை அங்குலத் தடிப்பு என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். மணல் உப்பானதா என்று ஒரு சிட்டிகை நாக்கில் வைத்தாலே தெரியும். உப்பு மணலில் போட்ட கொங்கிறீற்றுக்குள் கம்பி துருப்பிடித்து வெடிக்கும். பின்னாளில் கட்டிய கொங்கிறீற் மேற்தளம் பின்பக்கம் இருந்தால், அடிப்பக்கத்தில் கம்பி வழியே நீள வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பூசி மறைப்பதில் பயனில்லை. தளத்தை இடித்துப் போடும் செலவை எஞ்சினியரிடம் கேளுங்கள். ஷெல் விழுந்த அடையாளமுள்ள மூலைகளையும் அவருக்குக் காட்டுங்கள்.

வயரிங் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம், முழுவதும் புதிது. பலகைப் பட்டியில் ஓடும் பழைய வயரில் எர்த் இருக்காது. பொயின்ற் (லைற், பிளக் இடங்கள்) எண்ணி விலை கேளுங்கள். மூன்று அறை வீட்டுக்கு 50, 60 பொயின்ற் வரும். கல்லுச் சுவரைக் குடைந்து பைப் புதைப்பது நேரமும் கூலியும் தின்னும், கூரைக்குள்ளால் கொண்டுவந்து இறக்குவது மலிவு.

கிணற்றை இறைத்துப் பாருங்கள். கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடையே 50 அடி இருக்க வேண்டும். நம் நிலத்துக்கடியில் இருப்பது வெடிப்பும் பொந்துமான சுண்ணாம்புப் பாறை. கழிவு வடிபடாமலே தூரம் ஓடும். அடிப்பக்கம் திறந்த பழைய குழி என்றால் அதை மூடிவிட்டு அடைத்த தொட்டி கட்டும் செலவைச் சேருங்கள். தண்ணீரை நைத்திரேற்று, உப்பு, கோலிபோம் கிருமி மூன்றுக்கும் சோதியுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் நைத்திரேற்று எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் இந்த இலக்கத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. கொதிக்க வைத்தால் நைத்திரேற்று போகாது.

உறுதியையும் இப்போதே பாருங்கள். கிணறு முழுதும் உங்களுக்கா, பங்குக் கிணறா? வழி உரிமை எழுதப்பட்டிருக்கிறதா? பங்குக் கிணறென்றால் மற்றப் பங்காளியைக் கேட்காமல் மோட்டர் வைக்கவோ கட்டு உயர்த்தவோ முடியாது. சகோதரர் பலருக்கு வந்த சொத்து என்றால் எல்லோரும் ஒப்பமிட வேண்டும். வெளிநாட்டிலிருப்பவரின் அற்றோணித் தத்துவம் (அவருக்காகச் செயற்பட ஒருவருக்கு எழுதிக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்) விற்கும் அதிகாரத்தையும் தருகிறதா என்று நொத்தாரிசு வாசிக்க வேண்டும். யாழ்ப்பாணத்து வழமைச் சட்டமான தேசவழமைப்படி பங்காளிகளுக்கு முதலில் வாங்கும் உரிமை இருப்பதால் அவர்களுக்கான அறிவித்தலும் ஒழுங்காக நடந்திருக்க வேண்டும். உறுதி சிக்கலானால் திருத்திய காசும் அந்தச் சுவரிலேயே கிடக்கும். சோலைவரி (உள்ளூராட்சி வீட்டுவரி), மின்கட்டண நிலுவைகளையும் கேட்டு வையுங்கள். தம்பி வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்தவர் என்றால் உறுதியை யார் பெயரில் எழுதுவது என்பதையும் முற்பணத்துக்கு முன் நொத்தாரிசிடம் தெளிவாக்குங்கள்.

இனி விலை. இத்தனையும் பார்த்து எஞ்சினியர் எழுதித் தரும் மதிப்பீடு 32 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். காற்பங்கு ஒதுக்கு 8 லட்சம், திருத்தத்துக்கு 40. உங்கள் 120 இலிருந்து 40 ஐயும், முத்திரை மூன்று லட்சத்தையும், மற்றச் செலவு ஒன்றரையையும் கழித்தால் 75 லட்சத்துக்குமேல் நீங்கள் அந்த வீட்டுக்குக் கொடுக்க முடியாது. மதிப்பீட்டின் பிரதியோடு போய் அந்த விலையைக் கேளுங்கள். உக்கிய வளையின் படமும் கான் அடைப்பும் கையில் இருந்தால் வெளிநாட்டிலிருப்பவரும் விளங்கிக்கொள்வார். ஓடு கழற்றவே விடமாட்டோம் என்றால் கூரை முழுவதும் மாற்ற வேண்டும் என்று வைத்தே விலை சொல்லுங்கள்.

அவசரப்படுத்தினால் ஒன்று மட்டும் கேளுங்கள்: ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு நாள் வீட்டுத் திறப்பைத் தரச் சொல்லுங்கள். சித்திரையில் எல்லாச் சுவரும் உலர்ந்துதான் இருக்கும். மழை விட்ட ஒரு மணித்தியாலத்துக்குள் போய், நான்கு மூலைக்கும் கீழே சுவரைக் கையால் தடவிப் பாருங்கள். வாங்குவதாக முடிவானால் கூரை வேலையை மாசியில் தொடங்கி ஆவணிக்குள் முடிக்கும்படி ஆள் பிடியுங்கள்; பூச்சும் நிலமும் கூரை மூடிய பிறகுதான்.