தம்பி லாக்கப்பில், ஏஜென்ட் வாசலில்

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். திருநெல்வேலியிலிருந்து ஹோட்டல் சமையலுக்கு வந்த என் தம்பியை, விசா முடிந்துவிட்டது என்று வியாழக்கிழமை காலையில் பிடித்துப் போனார்கள். ஊருக்கே திருப்பி அனுப்பிவிடுவார்களாம். வக்கீலுக்குப் பணமில்லை. ஏஜென்ட் ஒருவர் 20,000 ராண்ட் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. முதலில் 0800 110 110-க்குப் போன் போடுங்கள், காசு ஆகாது. அரசுப் பணத்தில் நடக்கும் லீகல் எய்ட் சவுத் ஆஃப்ரிக்கா அது. தம்பி பெயர், பாஸ்போர்ட் எண், எந்த ஸ்டேஷன், பிடித்த நேரம் எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள். வெளிநாட்டுக்காரனுக்கு அரசு வக்கீலா என்று யாராவது சிரித்தால் சிரிக்கட்டும். அரசியல் சட்டம் 35-வது பிரிவில் காவலில் இருக்கும் எல்லோரையும்தான் சொல்கிறது. வக்கீல் இல்லாமல் பெரிய அநியாயம் நேரும் என்றால் செலவு அரசுடையது. சம்பளம் எவ்வளவு என்று கேட்பார்கள், மறைக்க வேண்டாம். அங்கே இழுத்தடித்தால் டர்பனில் லாயர்ஸ் ஃபார் ஹியூமன் ரைட்ஸ் என்ற மனித உரிமை வக்கீல்கள் அமைப்பு இருக்கிறது, அவர்களும் காசு வாங்குவதில்லை.

48 மணி நேரத்துக்குள் அவனை மாஜிஸ்ட்ரேட் முன் நேரில் நிறுத்த வேண்டும். நடுவில் சனி, ஞாயிறு வருவதால் உங்களுக்குத் திங்கள். இது 2017-ல் அரசியல் சட்ட நீதிமன்றம் சொன்னது. குடிவரவுச் சட்டத்தைத் திருத்த நாடாளுமன்றத்துக்கு 24 மாதம் கொடுத்தார்கள். திருத்தவில்லை. 2023-ல் கோர்ட்டே உட்கார்ந்து விதி எழுத வேண்டியதாயிற்று. நாம் ஒரு நாள் பிந்தினால் மட்டும் லாக்கப்!

இனி ஏஜென்ட். "உள்ளே நமக்கு ஆள் இருக்கு" என்பார், ரசீது தரமாட்டார். கோர்ட்டில் அவர் வாய் திறக்க முடியாது. சிலர் போலி விசா ஸ்டிக்கரே ஒட்டித் தருவார்கள். அதோடு வந்தால் விசா முடிந்த பையன் மோசடிக்காரன் ஆகிவிடுவான், பிறகு நானும் கையைப் பிசைய வேண்டியதுதான்.

தம்பியைப் பார்த்தால் ஒன்றே ஒன்று சொல்லுங்கள்: புரியாத தாளில் கையெழுத்துப் போடாதே. என்னிடம் வந்த ஒரு பையன், "டிக்கெட்டுக்கான பேப்பர்னு நினைச்சேன் சார்" என்றான். எடுத்துப் பார்த்தால், மேல்முறையீடு வேண்டாம், சீக்கிரம் அனுப்புங்கள் என்கிற கட்டத்தில் டிக், கீழே அவன் தமிழ்க் கையெழுத்து. உரிமைகளை முடிந்தவரை புரிகிற மொழியில் சொல்ல வேண்டும் என்று குடிவரவுச் சட்டத்தின் 34-வது பிரிவே சொல்கிறது. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று அவன் கேட்கட்டும். சட்டவிரோதமாக இருக்கிறான் என்ற முடிவை மறுபரிசீலனை செய்யக் கேட்க மூன்றே நாள்தான்.

ஒன்று கேட்க மறந்தேன். விசா முடிவதற்கு முன்பே புதுப்பிக்க மனுப் போட்டிருந்தானா? போட்டிருந்தால் கதையே வேறு. மனுக்கள் மாதக்கணக்கில் தேங்கிக் கிடப்பதால் உள்துறையே அவ்வப்போது சுற்றறிக்கை விட்டு நீட்டிப்புத் தந்திருக்கிறது. அவன் மனு அதற்குள் வருகிறதா என்று வக்கீல் பார்ப்பார். ஆனால் முடிவதற்கு முன்பு போட்டிருக்க வேண்டும், ஒரு நாள் கழித்துப் போட்டிருந்தாலும் இது பேச்சில்லை. முதலாளி போட்டேன் என்று சொன்னதும் கணக்கில்லை. விசா மனுக்களை வாங்கும் கம்பெனியான வி.எஃப்.எஸ். தரும் ரசீதில் தேதி இருக்கும், அதுதான் சாட்சி. அவன் தங்கியிருந்த அறைக்கு இன்று ராத்திரியே போய்ப் பெட்டி, தலையணை உறை எல்லாம் தேடுங்கள். கிடைத்தால் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அசலை வக்கீல் கையில் மட்டும் கொடுங்கள்.